முக்கோணத்துக்குச் சோறு போடுவது யார்?

மலர்க்குழுவில் இருக்கும் தங்கை ஒருத்தி, "பழைய மாணவி என்ற முறையில் ஏதாவது எழுதித் தாருங்கள் தாத்தா, கெம்பஸ் வாழ்க்கையைப் பற்றி எழுதினாலும் பரவாயில்லை" என்று கேட்டிருந்தாள். கெம்பஸ் வாழ்க்கையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு முக்கோணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் தங்கைமாருக்கு அந்த முக்கோணத்தைத் தெரியும். இலத்திரனியல் அலகில் வரும். இடப் பக்கம் இரண்டு கோடுகள். ஒன்றில் சக அடையாளம், மற்றதில் சய அடையாளம். வலப் பக்கக் கூரிலிருந்து ஒரு கோடு. பெயர் செயற்பாட்டு விரியலாக்கி. பெற்றோருக்காகச் சொல்வதென்றால், பள்ளிவாசலில் முஅத்தினாரின் குரலை ஊருக்கெல்லாம் கேட்கச் செய்கிறதே, அந்தப் பெட்டி ஒரு விரியலாக்கி. சிறிய மின் சைகையை வாங்கிப் பெரிதாக்கித் தருவது அதன் வேலை. உள்ளே போவதைப் பெய்ப்பு என்றும் வெளியே வருவதைப் பயப்பு என்றும், எத்தனை மடங்கு பெரிதானது என்பதை நயம் என்றும் நாங்கள் படிக்கிறோம். செயற்பாட்டு விரியலாக்கி இரண்டு பெய்ப்புகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் பெருக்கும். கூட்டல், தொகையிடல் போன்ற கணிதச் செய்கைகளைச் செய்யும் பழைய கணிப்பான்களில் இருந்ததால் அந்தப் பெயர். ஜோன் ரகசீனி என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1947 இல் எழுதிய கட்டுரையில்தான் அது பெயராக நின்றது.

பரீட்சைக்கு நாங்கள் படிப்பது இலட்சிய செயற்பாட்டு விரியலாக்கியை. அதன் நயம் முடிவிலி. பெய்ப்புத் தடை முடிவிலி, ஆகவே பெய்ப்புக்குள் மின்னோட்டம் போகாது. பயப்புத் தடை பூச்சியம், ஆகவே எவ்வளவு மின்னோட்டம் கேட்டாலும் தரும். கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளையைப் போல, குறை என்று ஒன்றும் இல்லை. இதிலிருந்து இரண்டு பொன் விதிகள் வருகின்றன: பெய்ப்புகளுக்குள் மின்னோட்டம் போகாது, மறைப் பின்னூட்டல் இருந்தால் இரண்டு பெய்ப்புகளும் ஒரே அழுத்தத்துக்கு வந்து சேரும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிடலாம். 10 கிலோ ஓம் தடையியும் 100 கிலோ ஓம் தடையியும் போட்டால் நயம் சய 10. பத்து மடங்காகும், குறி மாறும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டது கொக்குவிலில்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் திருநெல்வேலியில் இருக்கிறது. அடுத்த ஊர் கொக்குவில். வெளியூர்ப் பிள்ளைகள் பலர் கொக்குவிலில் அறை எடுத்துத் தங்குவார்கள். ஆடியபாதம் வீதியால், மருத்துவ பீடத்தைத் தாண்டி, சைக்கிளில் போய்விடலாம். எனக்கு இடம் கிடைத்தபோது வாப்பா சந்தோஷப்பட்டார். உம்மா பேசவில்லை. என் உம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் போகச் சொன்னபோது, பதினொரு வயதில் கையில் ஒரு பையோடு வெளியேறியவர். புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே எங்களைப் பெற்று வளர்த்தவர். இந்தக் கதை எங்கள் கல்லூரிக் குடும்பங்களில் பலருக்குப் புதிதல்ல, அதனால் நீட்டவில்லை. நாலு நாள் கழித்து, "ஆரு வீட்டில தங்கப் போறாய்?" என்று மட்டும் கேட்டார். அது சம்மதம் என்று எனக்கு விளங்கியது.

நான் தங்கிய வீடு கொக்குவில் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில். வீட்டுக்கார ஐயாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. ஒரு காலத்தில் கஸ்தூரியார் வீதியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். கடை போய்விட்டது, மேசையும் சாமான்களும் வீட்டு விறாந்தையில் இருந்தன. முதல் வாரமே என்னிடம் "பிள்ளை என்ன படிக்கிறது?" என்று கேட்டார். பௌதிகவியலும் இலத்திரனியலும் என்றேன். "பொம்பிளைப் பிள்ளை சோல்டர் பிடிப்பியோ?" என்றார். பிடிப்பேன் என்றேன். அதற்குமேல் அந்தக் கேள்வி எங்கள் இடையே வரவில்லை.

தொண்ணூறுகளின் முதற் பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி கொண்டுவரத் தடை. அந்தக் காலத்தில் சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ற்று ஆடலோட்டம். ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் இருவாயிகளும் கொள்ளளவியும் போட வேண்டும். சுற்றுகிறவரின் கை களைத்தால் வோல்ற்றளவு விழும். உற்சாகமாகச் சுற்றினால் கூடும். கூடினால் திரான்சிற்றர் எரியும். ஐயா அப்படிப் பல வீடுகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறார்.

"கையிலை இருக்கிறது ஒரேயொரு திரான்சிற்றர். அது எரிஞ்சால் வேறை எடுக்க வழியில்லை. அதாலை நான் முதல் கொப்பியிலை எரிப்பன்" என்றார். கொப்பியைக் காட்டினார். ஒற்றை றூள் கொப்பி. பக்கம் பக்கமாகச் சுற்றுகள், அருகே பென்சிலால் போட்ட கணக்குகள். டைனமோ 4 வோல்ற்று தந்தால் என்ன, 9 வோல்ற்று தந்தால் என்ன, எந்தத் தடையியில் எவ்வளவு சூடு. சில பக்கங்களில் குறுக்கே கோடு போட்டு "எரிஞ்சது" என்று எழுதியிருந்தது. உண்மையில் ஒன்றும் எரியவில்லை, தாளில் எரிந்தது.

நாங்கள் கணினியில் செய்வதும் இதுதான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் லோரன்ஸ் நேகல் என்ற மாணவர், டொனால்ட் பெடர்சன் என்ற பேராசிரியரின் கீழ் ஒரு நிரலை எழுதினார். பெயர் ஸ்பைஸ். 1973 ஏப்ரலில் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த மாநாட்டில் பெடர்சன் அதை அறிமுகம் செய்தார். காரணம் ஐயாவின் காரணமேதான். தொகையிட்ட சுற்று ஒன்றைச் செய்து பார்த்துப் பிழை கண்டால் மறுபடி செய்யப் பெரும் செலவு. பலகையில் தனித்தனிப் பாகங்களை வைத்துச் சோதித்தால் சில்லுக்குள் நடப்பது அப்படியே வராது. ஆகவே முதலில் எண்களில் எரித்துப் பார். பேர்க்லி அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. இன்று உலகில் ஓடும் சுற்று மென்பொருட்களில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். எல்.ரி.ஸ்பைஸ், என்.ஜி.ஸ்பைஸ் இரண்டையும் காசு கொடுக்காமல் எடுக்கலாம். பம்பாய் ஐ.ஐ.டி.யில் என்.ஜி.ஸ்பைஸை உள்ளே வைத்து ஈசிம் என்ற திறந்த மென்பொருளைச் செய்திருக்கிறார்கள். அதே ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டத்தில் பல மென்பொருட்களுக்குத் தமிழ்க் குரலிலேயே பாடங்கள் உண்டு. பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்: என்னுடைய மடிக்கணினி நானா பாவித்து விட்ட பழையது. அதற்கு இது போதும். ஆய்வுகூடம் இல்லாத வீட்டில் ஒரு பெண்பிள்ளை இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஆயிரம் திரான்சிற்றர்களை எரிக்கலாம். ஒரு சதம் நட்டமில்லை.

இனி ரேடியோவுக்கு வருகிறேன். ஐயாவின் விறாந்தைத் தட்டில், பொலித்தீனால் மூடி, இரண்டு ரேடியோக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடதாசி நூலால் கட்டியிருந்தது. அதில் பெயர், தெரு, திகதி. பெயர்கள் எங்கள் பெயர்கள். தெரு சோனகத் தெரு. திகதி 1990 செப்டெம்பர், ஒக்டோபர். திருத்தக் கொடுத்தவர்கள் எடுக்க வரவில்லை. வர முடியவில்லை. பிறகு இடப்பெயர்வுகளில் ஐயாவும் ஊர் ஊராக அலைந்திருக்கிறார், 1995 இல் தென்மராட்சிக்குப் போனபோதும் இவற்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனாராம். "ஆற்றையோ சாமான். வித்துப்போட்டு என்னெண்டு பதில் சொல்லுறது?" என்றார். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவரும் மேலே பேசவில்லை. சிறிய ரேடியோவைத் தட்டிலிருந்து இறக்கி, "இதுக்கு மற்றதெல்லாம் சரி. பின்பக்கம், ஸ்பீக்கருக்குக் குடுக்கிற விரியலாக்கிதான் செத்துப்போச்சு. அந்த ஐ.சி. இப்ப எங்கையும் இல்லை. உன்ரை கொம்பியூட்டராலை ஏதும் செய்யேலுமோ?" என்று கேட்டார்.

எனக்கு அந்த வருடம் ஒரு சிறு செயற்றிட்டம் செய்ய வேண்டியிருந்தது. தலைப்பு கிடைத்துவிட்டது.

கணக்கு எளிது. ரேடியோவின் முன்பகுதி தருவது ஏறத்தாழ 100 மில்லிவோல்ற்று. ஸ்பீக்கருக்கு 2 வோல்ற்றாவது வேண்டும். இருபது மடங்கு. 10 கிலோ ஓம், 200 கிலோ ஓம், ஒரு முக்கோணம். விரிவுரையாளர் எங்களுக்குச் சொல்லித் தந்த முறை, முதலில் இலட்சிய மாதிரியை வைத்துச் சுற்றின் எலும்புக்கூடு சரியா என்று பார்ப்பது, பிறகு குறைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. நானும் அப்படியே தொடங்கினேன்.

ஸ்பைஸில் இலட்சிய விரியலாக்கி ஒரே ஒரு வரி. ஆங்கில ஈ எழுத்தில் தொடங்கும். அதன்பின் பயப்பு எந்தப் புள்ளி, நிலம் எந்தப் புள்ளி, சகப் பெய்ப்பு எது, சயப் பெய்ப்பு எது, கடைசியில் நயம். வோல்ற்றளவால் கட்டுப்படும் வோல்ற்று முதல் என்று பெயர். இங்கேதான் முதல் வேடிக்கை. கடைசியில் நயத்துக்கு ஓர் எண் எழுத வேண்டும். முடிவிலி என்று எழுத முடியாது. பாடப்புத்தகம் ஒரு சாய்ந்த எட்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும், கணினி "எவ்வளவு?" என்று கேட்கும்.

எவ்வளவு போடலாம்? பத்து மடங்குச் சுற்றை வைத்துப் பாருங்கள். உள் நயத்தை 10 என்று போட்டால் சய 10 வர வேண்டிய இடத்தில் சய 4.76 வரும். 100 போட்டால் சய 9.01. 1,000 போட்டால் சய 9.89. 100,000 போட்டால் சய 9.9989. அதற்குமேல் கூட்டிக்கொண்டே போவதில் பயன் இல்லை. தடையிகளே நூற்றுக்கு ஒன்று, ஐந்து என்று பிசகுபவை. அளவு கடந்து கூட்டினால் தொல்லையும் வரும், ஏனென்றால் கணினி ஓர் எண்ணை ஏறத்தாழ 16 இலக்கங்கள் வரைதான் பிடித்து வைத்திருக்கும். இந்த நாலு எண்களைக் கையால் கணித்துப் பார்த்த தங்கைக்குப் பொன் விதி எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. முடிவிலி என்பது இங்கே "நமக்குப் போதுமான அளவு பெரியது" என்பதற்கு மரியாதையான பெயர்.

அன்று மஃரிபுக்குப் பிறகு விறாந்தையில் கணினியைத் திறந்து ஐயாவுக்குக் காட்டினேன். திரையில் அழகான அலை. உள்ளே 100 மில்லிவோல்ற்று, வெளியே 2 வோல்ற்று, ஒரு பிசிறு இல்லை. ஐயா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலால் முக்கோணத்தைத் தொட்டார்.

"உதுக்குச் சோறு ஆர் போடுறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு கால் உள்ளை, ஒரு கால் வெளியாலை. கரண்ட் எதாலை வருது? ஸ்பீக்கர் சத்தம் போடவேணுமெண்டால் ஆரோ ஒருத்தர் சக்தி குடுக்கத்தானே வேணும்?"

இலட்சிய மாதிரியைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான கேள்வி அது. 741 என்ற சில்லை எடுத்தால் அதற்கு எட்டுக் கால்கள். இரண்டாம், மூன்றாம் கால்கள் பெய்ப்புகள், ஆறாவது பயப்பு. ஏழாம் காலிலும் நாலாம் காலிலும் மின் வழங்கலைக் கொடுக்காவிட்டால் அது வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். மாதிரியில் அந்தக் கால்களே இல்லை. அதனால் அதற்கு எல்லையும் இல்லை. பெய்ப்பில் 100 வோல்ற்று போட்டேன், பயப்பில் 2,000 வோல்ற்று காட்டியது. முகம் கோணாமல் காட்டியது. நிசமான சில்லு, சக 12, சய 12 வோல்ற்று வழங்கலில், ஏறத்தாழ 10 வோல்ற்றுக்கு மேல் போகாது. பாடத்தில் நிரம்பல் என்று படிக்கிறோமே, அது. சோறு எவ்வளவோ அவ்வளவுதான் வேலை. மாதிரியில் மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு எண்களைச் சேர்த்தவுடன் அதுவும் ஒழுங்காக நடக்கத் தொடங்கியது.

இதைவிடப் பெரிய விஷயத்தை எங்களுக்கு விளங்கவைத்தது பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நடந்த ஒரு பரிசோதனை. இதைத் தங்கைமார் கட்டாயம் தாங்களே செய்து பார்க்க வேண்டும். பத்து மடங்குச் சுற்று, உள் நயம் 100,000, பெய்ப்பில் 0.1 வோல்ற்று. விடை சய 0.99989. இப்போது சகக் காலையும் சயக் காலையும் மாற்றிப் போடுங்கள் என்றார் சேர். மாற்றினோம். மறைப் பின்னூட்டல் நேர்ப் பின்னூட்டலாகிவிட்டது. சுற்று கெட்டுப்போக வேண்டும். ஓட்டினோம். விடை சய 1.00011.

வகுப்பு முழுவதும் திரையைப் பார்த்தது. நாலாம் தசம தானத்தில் மட்டும் வித்தியாசம். "அப்ப சக, சய எல்லாம் சும்மாவா சேர்?" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான். சேர் பதில் சொல்லாமல் 741 ஐயும் பலகையையும் தந்தார். சரியாகப் போட்டபோது மானியில் சய 1 வோல்ற்று. கால்களை மாற்றியதும் பயப்பு எதிர்ப்பக்கம் பாய்ந்து உச்ச எல்லையில் ஒட்டிக்கொண்டது. பெய்ப்பைச் சிறிது மாற்றிப் பார்த்தும் அசையவில்லை.

மென்பொருள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் நுட்பம். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் அது தந்தது. சமன்பாடுகளை எல்லாம் ஒரே நேரத்தில் நிறைவு செய்யும் புள்ளி எது என்று கேட்டோம், சய 1.00011 அந்தப் புள்ளிதான். முட்டையைக் கூர்முனையில் நிறுத்த ஒரு நிலை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பதுதான் சரியான விடை. அங்கே நிற்குமா என்பது வேறு கேள்வி. இலட்சிய மாதிரியில் நேரம் என்ற ஒன்றே இல்லை. பெய்ப்பு மாறும் அதே கணத்தில் பயப்பும் மாறிவிடுகிறது. விழுவதற்கு நேரம் வேண்டும். நேரம் இல்லாத இடத்தில் முட்டை விழாது.

நேரத்தைக் கொடுப்பது எப்படி? மாதிரிக்குள் ஒரு தடையியும் ஒரு கொள்ளளவியும். 1 மெகா ஓம், 15.9 நனோ பரட் போட்டால் 10 ஹேர்ட்சுக்கு மேல் நயம் சரியத் தொடங்கும். உள் நயம் 100,000 என்றால் 1 மெகா ஹேர்ட்சில் அது 1 ஆகிவிடும். 741 இன் நடத்தைக்கு இது கிட்டத்தட்டப் பொருந்தும். இப்போது கால்களை மாற்றிப் போட்டு, நேரத்தோடு ஓடவிட்டு, பெய்ப்பில் ஒரு சிறு படி கொடுங்கள். அலை மெதுவாகத் தலை தூக்கி, பிறகு வேகம் எடுத்து, எல்லையில் போய் மோதும். பலகையில் நடந்தது திரையிலும் நடந்தது. அந்தக் கொள்ளளவி நாங்கள் கண்டுபிடித்ததும் அல்ல. 1965 இல் பொப் விட்லர் வடிவமைத்த 709 சில்லுக்கு, அது தானாக அலையாமல் இருக்க வெளியே கொள்ளளவி போட வேண்டியிருந்தது. 1968 இல் பெயார்சைல்ட் நிறுவனத்தில் டேவ் புல்லகர் 30 பிக்கோ பரட் கொள்ளளவி ஒன்றைச் சில்லுக்குள்ளேயே வைத்து 741 ஐச் செய்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் யாழ்ப்பாணக் கடைகளில் அந்தச் சில்லு கிடைக்கிறது. முக்கோணத்துக்குள் யாரும் வரையாத அந்தச் சின்னக் கொள்ளளவிதான் அதன் பொறுமை.

எங்கள் ரேடியோ வேலை நடந்தது 2022 இல். அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பேருந்துக்கு எண்ணெய் இல்லை. இலத்திரனியல் சாமான் கடைக்காரர் விலை சொல்வதற்கு முன் கல்குலேற்றரைத் தேடினார். நான் மின்சாரம் வந்த நேரத்தில் கணினிக்குச் சாப்பாடு போட்டு, போன நேரத்தில் அதில் வேலை செய்தேன். "நாங்கள் டைனமோ சுத்தின காலம் திரும்பி வந்திட்டுது" என்று ஐயா சொல்லிவிட்டு, பழைய சைக்கிளை ஒரு தரம் பார்த்தார். பகிடியா உண்மையா என்று தெரியவில்லை.

அடுத்த இடறல் ஸ்பீக்கர். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2 வோல்ற்று கொடுத்தால் 250 மில்லி அம்பியர் ஓடும். இலட்சிய மாதிரி தாராளமாகத் தந்தது; பயப்புத் தடை பூச்சியம் அல்லவா. 741 இன் பயப்பைக் குறுஞ்சுற்றாக்கினால்கூட அது தருவது ஏறத்தாழ 25 மில்லி அம்பியர்தான். பத்தில் ஒன்று. சில்லை நேரே ஸ்பீக்கரில் கொழுவினால் கரகரப்புத்தான் வரும் என்பதை மாதிரியில் மின்னோட்ட எல்லையைச் சேர்த்தவுடன் பார்த்துவிட்டேன். சில்லு வாங்கவில்லை, காசு போகவில்லை.

ஆகவே சில்லுக்குப் பின்னால் இரண்டு திரான்சிற்றர்கள், பி.டி.139 உம் பி.டி.140 உம். ஒன்று அலையின் மேற்பாதியைத் தள்ளும், மற்றது கீழ்ப்பாதியை இழுக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொன்றும் விழித்துக்கொள்ள ஏறத்தாழ 0.6 வோல்ற்று வேண்டும். நடுவில் 1.2 வோல்ற்று அகலத்துக்கு இரண்டுமே தூங்கும் ஒரு பள்ளம். பின்னூட்டலைத் திரான்சிற்றர்களுக்குப் பின்னாலிருந்து எடுத்தால் விரியலாக்கி அந்தப் பள்ளத்தைத் தானே தாண்டும். இலட்சிய மாதிரி கண்ணிமைக்காமல் தாண்டியது. அலையில் தழும்பே இல்லை. 741 ஆல் ஒரு மைக்ரோ செக்கனில் அரை வோல்ற்றுத்தான் நகர முடியும். 1.2 வோல்ற்றைத் தாண்ட 2.4 மைக்ரோ செக்கன். பேச்சுக் குரலுக்கு அது பெரிதல்ல. ஆனால் உயர்ந்த மீடிறன்களில் ஒரு கரடு தெரிந்தது. நான் திரையில் அந்தக் கரட்டைக் காட்டியபோது ஐயா, "ரெண்டு டயோட்டை நடுவிலை போட்டு அதுகளை அரைத் தூக்கத்திலை வை" என்றார். போட்டேன். கரடு போயிற்று. அவருடைய கொப்பியில் அந்த வைத்தியம் முப்பது வருடத்துக்கு முன்பே இருந்தது.

இலட்சிய மாதிரியைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அது இல்லாமல் தொடங்கியிருந்தால், 741 க்குள் இருக்கும் ஏறத்தாழ இருபது திரான்சிற்றர்களுக்குள் நான் தொலைந்து போயிருப்பேன். எலும்பு எது, சதை எது என்று பிரித்துக் காட்டுவது அதுதான். எனக்குப் பிடிக்காதது, எங்கள் பாடக் குறிப்புகளில் பல அதை எலும்புக்கூடு என்று சொல்லாமல் முழு ஆள் என்று காட்டுவது. பொன் விதியைப் பாடமாக்கும் பிள்ளை, அது எப்போது உடையும் என்பதையும் அதே பக்கத்தில் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆசிரியைகள் கோபிக்க வேண்டாம்.

யூன் மாதம் ஒரு மாலை, மின்சாரம் வந்த ஒன்றரை மணித்தியாலத்தில், கடைசிச் சோல்டரைப் பிடித்தேன். ஐயா மானியை வைத்து ஒவ்வொரு புள்ளியாக அளந்தார். திரையில் கண்ட எண்களுக்கும் மானிக்கும் இடையே சில மில்லிவோல்ற்று வித்தியாசம். அது 741 இன் பிறவிக் குணம். பிறகு ரேடியோவைத் திறந்தோம். முதலில் இரைச்சல். ஐயா குமிழைத் திருப்பத் திருப்ப, கடலுக்கு அப்பாலிருந்து ஒரு தமிழ்க் குரல் செய்தி வாசித்தது. அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

உம்மாவுக்குக் கோல் எடுத்தேன். துண்டுக் கடதாசியில் இருந்த பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவங்க எங்கட தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி. இப்ப நீர்கொழும்பில மகளோட இருக்கிறாங்க எண்டு கேள்வி" என்றார். பிறகு, "போனை ரேடியோவுக்குக் கிட்ட பிடி மகள்" என்றார். பிடித்தேன். செய்தி முடிந்து காலநிலை சொல்லும் வரையும் உம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ரேடியோ இப்போது நீர்கொழும்பில் இருக்கிறது. துண்டுக் கடதாசியை ஐயா கழற்றவில்லை, அப்படியே கொடுத்துவிட்டார்.

மற்ற ரேடியோ பெரியது, வால்வு வகை. அதன் பெயர்க்காரரை உம்மாவும் வாப்பாவும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வால்வுக்கு 200 வோல்ற்றுக்கு மேல் வேண்டும் என்பதால் ஐயா என்னை இன்னும் அதன் மூடியைத் திறக்க விடவில்லை. அதற்கான மாதிரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். "முதல் கொப்பியிலை எரி பிள்ளை" என்கிறார்.